கொடிக்குக் கம்பளி போர்த்துவோர் கவனத்துக்கு

சேலத்தில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறது. மார்கழியில் விடியற்காலை பால் வாங்கப் போகிறவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். மிஞ்சிப் போனால் 18, 19 டிகிரி செல்சியஸ். டீக்கடை வாசலில் மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட ஒருவர் “என்னமா குளுருதுங்க” என்பார். இன்னொருவர் “ஏற்காட்டுக் காத்துல்லங்க” என்று காரணம் சொல்வார். இருவரும் பெருமையோடு டீயை உறிஞ்சி முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும். எட்டரை மணிக்கு அதே மப்ளர் கழுத்து வியர்வையைத் துடைக்கும்.

இந்த ஊரில் குடியிருக்கும் எனக்கு, குளிர்காலத்தில் கொடிகளைச் சாகாமல் காப்பது எப்படி என்று ஆண்டுதோறும் பாடம் நடக்கிறது. ஆசிரியர் என் மச்சினன். நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. அக்டோபர் பிறந்ததும் அவன் வீட்டில் ஒரு பெரிய இடப்பெயர்ச்சி தொடங்கும். பின்புறம் இருந்த தொட்டிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வரும். காகிதப்பூவைக் கழுத்தோடு வெட்டி நிலவறையில் இருட்டுப் பக்கமாக வைத்து, மூன்று வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மல்லிகை ஜன்னல் ஓரம். கறிவேப்பிலைக்கு மட்டும் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், தனி விளக்கோடு இடம். விருந்தாளி வந்தால் சோபாவில் தள்ளி உட்காரச் சொல்வார்கள். கறிவேப்பிலையைத் தள்ளி வைக்க மாட்டார்கள். அமெரிக்காவில் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் ஒண்டிக்கொள்ளும் என்பதால், செடியை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே அங்கே ஒரு கறிவேப்பிலைச் செடி செத்தால் அது சாதாரணச் சாவு இல்லை. துக்கம் விசாரிக்கப் போன் வரும்.

“மாமா, ஃப்ராஸ்ட் வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் உள்ள எடுத்துட்டேன். நீங்க எப்ப எடுக்கப் போறீங்க?”

நான் அப்போது மொட்டை மாடியில் பனியனோடு, விசிறிக்கொண்டு நின்றிருப்பேன்.

அவன் தோட்டத்தை வீடியோவில் காட்டும்போது எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. ஒரு தொட்டியில் கறுப்பும் ஊதாவும் கலந்த இலையோடு அழகாக ஒரு கொடி வழிந்தது. அலங்காரக் கொடியாம். கிழங்கைத் தோண்டி எடுத்து, காய வைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு வசந்தம் வரை பாதுகாப்பார்களாம். நம் சர்க்கரைவள்ளி. இன்னொன்று வாசல் வளைவில் ஏறி, கொத்துக் கொத்தாக ஊதாப் பூவும் ஊதாக் காயுமாக நின்றது. பார்த்தால் அவரை. தாமஸ் ஜெபர்சன் வாழ்ந்த மாண்டிசெல்லோ மாளிகைத் தோட்டத்தில் இதே ஊதா அவரைக்குத் தனிப் பந்தல் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். காயைப் பறித்துப் பொரியல் செய்யலாம் என்று யாரும் அங்கே வாய் திறப்பதாகத் தெரியவில்லை. “அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா” என்றான் மச்சினன். சொல்லிவிட்டேன். என் மனைவி, “அத்தனை காயையும் முத்த விட்டானா?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

என் கிறுக்கு என்னவென்றால் ஊதா. கத்தரிப்பூக் கலரில் பூக்கிற எதுவானாலும் எனக்கு வேண்டும். இதற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. சிலருக்குப் பழைய நாணயம், சிலருக்குச் சீட்டாட்டம். நம் ஊரில் இது கொஞ்சம் அனாதையான கிறுக்கு. சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். குண்டுமல்லி, சன்னமல்லி, முல்லை, ஜாதிமல்லி, காக்கட்டான், மலைக்காக்கட்டான், சம்பங்கி, நந்தியாவட்டம். பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அரளியில் மட்டும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று வகை. வெள்ளைக்கு வாசம், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் சாமி. ஊதாவுக்கு யாரும் இல்லை. அங்கே கடை போட்டிருந்த ஒரு அம்மாவிடம் ஊதாவில் ஏதாவது உண்டா என்று கேட்டேன். கட்டிக்கொண்டிருந்த சரத்தை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்தச் சாமிக்குங்க?”

எனக்குத்தான் என்றேன். அதற்கு மேல் அவர் என்னோடு வியாபாரம் பேசவில்லை.

நியாயமாகச் சொன்னால் பிள்ளையார் விதிவிலக்கு. சதுர்த்திக்கு அவருக்குப் போடும் எருக்கம்பூ மாலை வெளிர் ஊதாதான். ஆனால் அங்கேயும் மரியாதை முழுக்க வெள்ளெருக்குக்கு. அதன் வேரில் பிள்ளையார் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். ஊதா எருக்கு, நாமக்கல் போகும் சாலையோரத்தில் லாரிப் புகை குடித்துக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் சமவெளியில் ஊதாவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் நடாத ஊதா எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. எருக்கு ஒன்று. பட்டாஸ் காய்ச் செடி இன்னொன்று. பள்ளிக்கூட வேலி ஓரத்தில் மெல்லிய ஊதாப் பூவோடு நிற்கும். அதன் காய்ந்த காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். வாத்தியார் கரும்பலகையில் எழுதும்போது பின் பெஞ்சில் இதை ஒரு கைப்பிடி தண்ணீர் டப்பாவில் போடாதவர்கள் இந்த மாவட்டத்தில் படித்தவர்களே இல்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி; மண்ணுக்கடியில் சின்னச் சின்னக் கிழங்கு வைத்துக்கொண்டு, கோடையில் மேலே காய்ந்து, மழை விழுந்ததும் எழுந்துகொள்ளும். தூதுவளை: கொடி, இலை, காம்பு எல்லாம் முள், நடுவில் மஞ்சள் மூக்கோடு சுத்தமான ஊதாப் பூ. சளி பிடித்தால் ரசத்துக்குத் தேடுவார்கள். பூவுக்காக ஒருவரும் தேடியதில்லை. ஏரிக்கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு. குப்பைமேட்டில் கருஊமத்தை.

ஏக்கர் கணக்கில் வேண்டுமென்றால் ஆகாயத்தாமரை. சேலத்தில் ஏதாவது ஒரு ஏரியை எட்டிப் பாருங்கள். தண்ணீர் தெரியாது, ஊதா தெரியும். பூவை மட்டும் தனியே பார்த்தால் அதற்கு ஈடில்லை. மேல் இதழில் மயில்கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு, சுற்றிலும் நீலச் சாயல். தென் அமெரிக்காவிலிருந்து இந்தப் பூவின் அழகில் மயங்கித்தான் உலகமெங்கும் கொண்டுபோனார்கள். வங்காளத்துக்கும் அப்படித்தான் வந்தது. ஆறு, குளம், வயல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, படகு போக வழியில்லாமல், கடைசியில் 1936ல் அந்த ஒரு செடிக்கென்றே அங்கே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. ஊதாப் பூப் பைத்தியத்துக்கு எதிராக ஒரு சட்டசபை கூடியது என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

வீட்டில் வைக்கத்தக்க ஊதாக்களும் உண்டு. டிசம்பர் பூ, கனகாம்பரத்துக்குச் சொந்தக்காரன். வாசமில்லாவிட்டாலும் மார்கழியில் பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளும் ஒரே ஊதா. ஆடிப்பட்டத்தில் போட்ட பந்தல் அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும். அது வரை எவ்வளவு கெஞ்சினாலும் இலைதான். பூத்த மறுநாள் அசுவினி வந்து ஒட்டிக்கொண்டு நம்மோடு சேர்ந்து ரசிக்கும். சங்குப்பூ நீலம். ஆனால் அதையும் ஊதாவாக்க ஒரு வழி இருக்கிறது. ஐந்தாறு பூவைக் கொதி தண்ணீரில் போட்டால் கண்ணாடி டம்ளரில் மசி நீலம் இறங்கும். எலுமிச்சம்பழத்தை ஒரு சொட்டுப் பிழிந்தால், விழுந்த இடத்திலிருந்து நீலம் கிழிந்து ஊதா புகை கிளம்பிக் கீழே வரை பரவும். பூவிலுள்ள ஆந்தோசயனின் புளிப்புப் பட்டதும் நிறம் மாறுகிற வித்தை அது. சென்னையிலும் பெங்களூரிலும் இதற்கு நட்சத்திர ஓட்டல் விலை. வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவருக்கு இதைச் செய்து காட்டி நீட்டினேன். “நல்லாருக்குதுங் தம்பி. எனக்கு ஒரு காப்பி போடச் சொல்லுங்” என்றார்.

இவ்வளவும் இருக்க, எனக்குப் பிடித்துப்போனது கிருஷ்ண கமலம்.

மே மாதம், ஏற்காடு கோடை விழாக் கூட்டம். சாலையோர நர்சரி ஒன்றில் கம்பியைச் சுற்றிக்கொண்டு இருந்தது. உள்ளங்கை அகலப் பூ. அடியில் பத்து இதழ். அதன் மேல் ஊதாவும் வெள்ளையும் நீலமுமாக நூல் நூலாக ஒரு வட்டம். நடுவில் ஒரு தண்டு, அதில் ஐந்து மகரந்தத் தாள், உச்சியில் மூன்று சூல்முடி. நம்மவர்கள் நூல்களைக் கௌரவர் நூறு பேர் என்றும், ஐந்தைப் பாண்டவர் என்றும், மூன்றை மும்மூர்த்தி என்றும் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். தென் அமெரிக்காவில் இதே பூவைப் பார்த்த கிறிஸ்தவப் பாதிரிமார், நூல் வட்டத்தை முள்முடி என்றும், ஐந்தை ஐந்து காயங்கள் என்றும், மூன்றை மூன்று ஆணிகள் என்றும், இதழ் பத்தையும் சீடர்கள் என்றும் படித்தார்கள். சீடர்கள் பன்னிரண்டு பேராயிற்றே என்று கேட்டால், காட்டிக்கொடுத்தவரையும் மறுதலித்தவரையும் கழித்துவிட்டார்களாம். கணக்கு உதைத்தால் ஆளைக் குறைப்பது எல்லா அலுவலகத்திலும் உள்ள வழக்கம்தான். நூல்களை நான் ஒரு முறை எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன். துச்சாதனனைத் தாண்டுவதற்குள் தேனீ வந்து விரட்டியது.

இந்தப் பூ ஒரு நாள்தான் இருக்கும். காலையில் விரிந்தால் மறுநாள் சுருண்டுவிடும். ஆகவே அது எப்போதும் நாம் ராசிபுரத்தில் கல்யாணத்துக்குப் போயிருக்கும் நாளில்தான் பூக்கும்.

ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டர்கூட இல்லை. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறேழு டிகிரி கூடும் என்பது பொதுக் கணக்கு. 20 கொண்டை ஊசி வளைவுகளில் நம் வயிறு புரண்டுகொண்டிருக்கும்போது, பின் சீட்டில் பிளாஸ்டிக் பையில் உட்கார்ந்திருக்கும் கொடிக்கு அதற்குள் எட்டு டிகிரி ஏறிவிட்டிருக்கும். அடிவாரத்தில் அது ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு தூக்கவில்லை. நர்சரிக்காரர் விற்கும்போது “சேலத்துல ஜோரா வருமுங்க” என்று சொன்னதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். மலையில் செடி விற்கிறவர் வேறு என்ன சொல்வார்?

ஆனாலும் அது உடனே சாகவில்லை. ஆடிக் காற்றில் பிழைத்தது. ஐப்பசி மழையில் மாடிக் கம்பியைப் பிடித்து ஏறியது. மார்கழியில் மொட்டு. மச்சினன் வீடியோவில் பார்த்து, “மாமா, ராத்திரி மேல ஒரு போர்வை போட்டு விடுங்க, டெண்டர் வைன்” என்றான். சேலத்துப் பனிக்குப் போர்வை! அதற்குக் குளிர் இதமாகத்தான் இருந்தது. மாசியில் இலை பளபளத்தது. பங்குனி பிறந்தது.

மற்ற ஊர்களில் வெயில் அடிக்கும். எங்கள் ஊரில் சதமடிக்கும். டிவியில் மாலை ஆறு மணிக்கு, கிரிக்கெட் செய்தி சொல்லும் அதே குரலில், “சேலத்தில் வெயில் சதம்” என்பார்கள். பாரன்ஹீட்டில் 100. பிறகு 102, 104 என்று ஸ்கோர் ஏறும். ஈரோடும் கரூரும் திருப்பத்தூரும் வேலூரும் போட்டியில் இருக்கும். ஒரு நாள் நமக்கு முதலிடம் கிடைத்தால், வியர்த்து வழிந்துகொண்டே எதிர்வீட்டுக்காரரிடம் “பார்த்தீங்களா, நம்மதான் டாப்பு” என்று சொல்லிக்கொள்வோம். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் குறித்திருப்பது மற்றவர்களுக்காக. மாடித் தோட்டக்காரனுக்கு அது பங்குனி நடுவிலேயே வந்துவிடும்.

காங்கிரீட் தளம், கறுப்புப் பை. மத்தியானம் செருப்பில்லாமல் மாடியில் கால் வைக்க முடியாது. அந்தத் தளத்தின் மேல்தான் கொடி தன் வேரை வைத்துக்கொண்டு நிற்கிறது. உச்சி வெயிலில் இலைகள் துவண்டு தொங்கும். பார்த்தவர்களெல்லாம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். மேலும் துவண்டது. பக்கத்து வீட்டு ரிட்டையர்டு வாத்தியார் மோர் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் முட்டை ஓடு. குடை பிடித்துப் பார்த்தேன். காற்று வந்து குடையை மூன்றாவது வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மேட்டூர்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெருவே குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், நான் ஒரு குடம் தண்ணீரைப் பூச்செடிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மட்டும், “ஏனுங்க, அது உங்களுக்குச் சோறு போடுமா?” என்றார். பிறகு, “எங்கப்பாகிட்ட கேளுங்க. அவருதான் அம்பது வருசமா கொடியோட குடும்பம் நடத்துறாரு” என்றும் சொன்னார்.

என் மாமனார் ஊர் பொத்தனூர். நாமக்கல் மாவட்டம், பரமத்திவேலூருக்குப் பக்கம், காவிரிக் கரை. வெற்றிலை பூமி. பொத்தனூர், பாண்டமங்கலம், வேலூர் என்று அந்த வட்டாரம் முழுக்கக் கொடிக்கால். நாம் மாடியில் ஒரு கொடியை வைத்துக்கொண்டு படுகிற பாட்டை, அங்கே ஏக்கர் கணக்கில், அதே வெயிலில், வயிற்றுப் பிழைப்பாகச் செய்கிறார்கள். வெற்றிலைக்கொடி உலகத்திலேயே செல்லம் கொஞ்சிய கொடி. அதற்கு வெயில் ஆகாது, வறட்சி ஆகாது, வேகக் காற்று ஆகாது. தண்ணீர் ஒரு நாள் இல்லையென்றால் முகம் சுண்டும். தண்ணீர் ஒரு நாள் தேங்கி நின்றால் அடித்தண்டு அழுகி வாடல் நோயில் பாத்தியோடு போய்விடும். மாப்பிள்ளை முறுக்கு என்பதை நான் அந்தக் கொடியிடம்தான் முழுதாகப் பார்த்தேன்.

மாமனார் என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லித்தான் உள்ளே கூட்டிப் போனார். அங்கே அது வழக்கம். கொடிக்கால் கோயில் மாதிரி சுத்தம் பார்க்கிற இடம். வெளியே சித்திரை வெயில் கண்ணைக் குத்தியது. நாலடி உள்ளே வைத்ததும் யாரோ கதவைச் சாத்தியது போலிருந்தது. தலைக்கு மேல் அகத்தியின் சின்னச் சின்ன இலைகள் வெயிலைச் சல்லடையில் சலித்துவிட்டன. வரிசையாக உயரப் பாத்தி. இரண்டு பாத்திக்கு நடுவே வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் ஊர்ந்தது. காலடி மண் சில்லென்றிருந்தது. காற்றில் அந்தக் காரமான பச்சை வாசனை.

“முதல்ல அகத்திய வெதைக்கோணும். அது தல தூக்குன பொறகுதான் கொடி. நெழல் இல்லாம கொடிய வெக்கறது, ஓடு போடாத ஊட்ல குடி போறதுங் மாப்ள” என்றார்.

அகத்தி பந்தக்காலும் கூரையும் ஆகிறது. தழையைக் கழித்தால் ஆட்டுக்குத் தீனி, துவாதசிக்குக் கீரை. அதன் வேர் மண்ணுக்கு உரம். கொடியை அதன் தண்டோடு வாழைநாரால் கட்டி விடுகிறார்கள். இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. பதினைந்து இருபது நாளுக்கு ஒரு முறை ஏணி போட்டு ஏறி, வளர்ந்த அளவுக்கு அடுத்த கட்டு. இதற்கெல்லாம் தண்ணீர் ராஜவாய்க்காலிலிருந்து. மேட்டூரில் 1934ல் கட்டி முடித்த அணையிலிருந்து புறப்பட்ட காவிரியை, ஜேடர்பாளையம் படுகையணையில் மறித்துத் திருப்பிக்கொண்டு வரும் வாய்க்கால் அது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது என்று ஊரில் சொல்வார்கள். மேட்டூர் அணைக்கு எத்தனையோ தலைமுறை மூத்தது. தூர் வார வாய்க்காலை அடைத்தால் கொடிக்கால்காரர்கள் முகத்தில் ஈயாடாது.

பிறகு அவர் காட்டியதுதான் நான் போனதன் பலன். ஒரு பாத்தியில் இரண்டு பேர் கொடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடத்தில் கொடி அகத்தி உச்சிக்குப் போய்விடும். கீழ்ப்பகுதி இலையில்லாமல் மொட்டைத் தண்டாக நிற்கும். மேலே இருக்கும் இலையைப் பறிக்க ஆளும் ஏணியும் எட்டாது. வெட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வெட்டவில்லை. கட்டை அவிழ்த்து, கொடியை ஒடியாமல் மெதுவாகக் கீழே இறக்கி, அந்த மொட்டைத் தண்டை வளையம் வளையமாகச் சுருட்டி, அகத்தி அடியில் பள்ளம் பறித்துப் படுக்க வைத்து மண் மூடினார்கள். நுனிக் கொடி மட்டும் வெளியே. அதை மறுபடி அகத்தியில் முழங்கால் உயரத்தில் கட்டினார்கள். புதைந்த ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். கிழக்கொடி மறுபடி இளங்கொடி. பரமத்திவேலூர் மார்க்கெட்டில் வெள்ளைக்கொடியும் கற்பூரியும் 104 கவுளி ஒரு சுமை என்று ஏலம் போகும்போது, கவுளிக்கு நூறு வெற்றிலையில் எத்தனை அந்தப் புதைகுழியிலிருந்து வந்தது என்று வாங்குகிறவர்கள் நினைப்பார்களா தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவரிடம் என் மாடிக் கதையைச் சொன்னேன். அவர் பூவின் நிறத்தைக் கேட்கவில்லை.

“மத்தியானம் தொட்டி மேல கைய வெச்சுப் பாத்தீங்களா?”

இல்லை என்றேன்.

“தண்ணி வேணுங்கறது வேருக்குங் மாப்ள. நீங்க வெயிலுக்கு ஊத்தீட்டு இருக்கீங். கொதிக்கிற மண்ணுல தண்ணி ஊத்துனா அவிஞ்சுதான் போகும். எல தொங்குதுன்னு பயப்படாதீங். சாயங்காலம் நிமுருதான்னு பாருங். நிமுந்தா அது வெயிலுக்குக் குனிஞ்சது. நிமுரலைன்னாத்தான் தண்ணி.”

இதை விளக்கமாகச் சொன்னால், உச்சி வெயிலில் இலை வெளியேற்றுகிற வேகத்துக்கு வேரால் இறைத்துத் தர முடிவதில்லை. மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கும். வேரே சூட்டில் வெந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தாவரவியல் புத்தகத்தில் இரண்டு பக்கம் வரும் சங்கதி. மாமனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரத்தில் முடித்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் எனக்கு மச்சினன் பாடமும் மாமனார் பாடமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நியூ ஜெர்சி அக்டோபரில் செய்வதையெல்லாம் சேலம் பங்குனியில் செய்ய வேண்டும். அங்கே உறைபனிக்கு முன் கொடியைக் குறுக்க வெட்டி இருட்டில் வைக்கிறார்கள். இங்கே கத்தரி தொடங்கும் முன் குறுக்க வெட்டி நிழலில் வைக்க வேண்டும். அங்கே தை மாசி தூக்கம். இங்கே சித்திரை வைகாசித் தூக்கம். உரம் கிடையாது, தண்ணீர் அளவாக, பூ எதிர்பார்க்கக் கூடாது. காலண்டரை ஆறு மாதம் தள்ளி மாட்டினால் அவன் பாடம் முழுக்க நம் ஊருக்குச் செல்லும். போர்வை ஒன்றுதான் உபரி.

நிலவறை நம் வீட்டில் இல்லை. அகத்தி வேண்டும். மொட்டை மாடியில் அகத்தி மரமாகாது. அப்போதுதான், வெகு நாளாக மேற்கு ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காகிதப்பூவின் மேல் கண் போனது. ஊதாக் காகிதப்பூவுக்குச் சேலத்து வெயில்தான் சொர்க்கம். தண்ணீர் குறைந்தால் அது வாடாது. கோபித்துக்கொண்டு பூத்துத் தள்ளும். நாம் பூ என்று பார்க்கும் ஊதாவெல்லாம் உண்மையில் நிறம் மாறிய இலைகள். அசல் பூ நடுவில் சின்னதாக வெள்ளையாக, யாரும் கவனிக்காமல் நிற்கும். இந்தச் செடி உலகத்துக்குத் தெரிய வந்த கதையும் சுவாரசியமானது. 1767ல் பிரெஞ்சுத் தளபதி புகேன்வீல் கப்பலில் உலகம் சுற்றிக்கொண்டிருந்தபோது, கூட வந்த கொமெர்சன் என்ற தாவரவியலாளர் ரியோ டி ஜெனிரோவில் இதைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளாக ஆண் உடையில் வந்தவர் ஜான் பாரே என்ற பெண். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். கொமெர்சன் காலில் புண்ணோடு அவதிப்பட்ட நேரம் என்பதால், ரியோவில் முள்ளுக்குள் கை விட்டுப் பறித்தது அந்த அம்மாள்தான் என்று நினைக்க இடமுண்டு. செடிக்குப் பெயர் வைத்தது தளபதிக்கு. இது நம் அலுவலகங்களிலும் உள்ள நடைமுறை என்பதால் மேற்கொண்டு பேசவில்லை.

இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, காகிதப்பூவை மேற்கிலிருந்து தலைக்கு மேலே வளைத்து விட்டேன். கை இரண்டிலும் கீறல். பார்த்தவர்கள் வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டார்கள். அதன் நிழலில் கிருஷ்ண கமலம், பெரிய மண்தொட்டிக்குள் சின்னத் தொட்டி, நடுவே ஈர மணல். தளத்தில் படாமல் செங்கல் மேல். மண்ணுக்கு மேல் தென்னை மட்டைத் தூள். பங்குனியில் முழங்கை நீளம் விட்டு வெட்டியதைப் பார்த்த மனைவி, இவ்வளவு செலவு செய்து கடைசியில் நீங்களே கொன்றுவிட்டீர்களா என்றார். சித்திரை முழுக்க அது குச்சியாக நின்றது. டிவியில் ஸ்கோர் 105க்குப் போனது. வைகாசிக் கடைசியில் கோடை மழை ஒன்று இடியோடு வந்து போன மறுவாரம், கணுவில் பச்சை முனை. நீண்ட தண்டை நான் வெட்டவில்லை. வளையமாகச் சுருட்டித் தொட்டி மண்ணுக்குள் புதைத்தேன். இந்தக் கொடிக்கு அது தேவையா என்று தாவரவியலாளர்கள் விவாதிக்கலாம். அதுவும் வேர் விட்டது. இலைக்குப் பங்கு கேட்டு ஆரஞ்சு நிறச் சிறகுள்ள ஒரு வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டு, முள் முள்ளாகப் புழுக்கள் கிளம்பின. அவற்றுக்கும் கொஞ்சம் விட்டுவைத்தேன். வேலூர் மார்க்கெட்டில் தரகு இல்லையா, அதுபோல.

இதற்கிடையே மச்சினனுக்கு வெற்றிலை ஆசை வந்துவிட்டது. அங்கே யாரோ ஒரு நண்பர் கொடுத்த ஒரு கணுவைத் தொட்டியில் வைத்து, நிலவறையில் ஊதா விளக்கு போட்டு, ஈரப்புகை விடும் மெஷின் வைத்து, கண்காணிக்க ஒரு கேமராவும் வைத்திருக்கிறான். அப்பாவுக்கு வீடியோவில் காட்டினான். மாமனார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அகத்தி எங்கடா?”

“அகத்தி இல்லீங்ப்பா. கம்பி வெச்சிருக்கேன்.”

“கம்பி எலை கழிக்குமா? ஆட்டுக்குப் போடலாமா?”

இரண்டு பேரும் சமாதானமாக ஒரு மாதம் ஆயிற்று.

ஐப்பசியில் மாமனார் கண் ஆஸ்பத்திரிக்காகச் சேலம் வந்தபோது மாடிக்கு அழைத்துப் போனேன். அன்று நாங்கள் யார் கல்யாணத்துக்கும் போகவில்லை. இரண்டு பூ விரிந்திருந்தன. நூறு கௌரவரும் ஆஜர். மச்சினனும் வீடியோவில் இருந்தான், “அப்பா, பூவைப் பாருங்க, பூவைப் பாருங்க” என்று கத்திக்கொண்டு. மாமனார் காகிதப்பூக் கூரையை அண்ணாந்து பார்த்தார். தொட்டிச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு குனிந்து, பூவை ஒதுக்கிவிட்டு, அதன் கீழிருந்த இலை ஒன்றைக் கிள்ளி, கசக்கி, மூக்கில் வைத்து முகர்ந்தார்.

“நல்ல எலையாத்தான் இருக்குதுங் மாப்ள. இது கவுளி என்ன வெலைக்குப் போகுது?”